டாக்டர் வண்டி என் வாசலில் நின்றபோது

பதிவு செய்யாத எதுவும் செல்லாது என்பது என் கட்சி. இன்றும் அதுதான். பத்திர ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன கட்சி இருக்க முடியும்? பூந்தமல்லியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த நம்பிக்கை என்னிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. என்னைக் கண்டு ரிஜிஸ்திராரே பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (பயமில்லை, சலிப்பு என்று பிற்பாடு தெரிந்தது.)

குடியிருந்தது நசரத்பேட்டையில். பெங்களூர் ரோட்டிலிருந்து பிரியும் தெரு. சுற்றிலும் விவசாயக் குடும்பங்கள். சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு நடக்கிறவன் நான் ஒருவன்தான். மனைவி சரோஜா பிரசவத்துக்காகத் திருவல்லிக்கேணியில் இருந்த பிறந்தகத்துக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்து, அதற்குத் தலை நின்று, குப்புறவும் விழத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அவள் வரவில்லை. வரவிடவில்லை என்று சொல்வதே சரி. தடுத்தவர் என் மாமனார்.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் மாமனார் மட்டும் அசையவில்லை.

"குண்டு விழுந்தாக்கூடப் பரவாயில்லை மாப்பிள்ளை, இங்கே பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு. உங்க ஊர்ல குழந்தைக்கு வயித்தை வலிச்சா யார் வருவா? கூப்பிட்ட குரலுக்கு வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு டாக்டரை ஏற்பாடு பண்ணுங்க. நான் வந்து கண்ணால பார்க்கறேன். திருப்தியா இருந்தா ரெண்டு பேரையும் விட்டுட்டு வரேன். இல்லேன்னா அடுத்த பஸ்ல திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன்."

சொன்னதைச் செய்கிற மனிதர். எனக்கோ வீடு வெறிச்சென்று கிடந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற அந்தச் சின்னக் கையை நினைத்தால் சமைத்த சோறு அப்படியே கிடக்கும். ஒரு டாக்டர்தானே, இதென்ன பிரமாதம் என்று கிளம்பினேன்.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் எல்.எம்.பி. படித்த சாமிதாஸ் டாக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். வாசல் பெஞ்சில் மனிதர்களுக்குப் பதில் பாட்டில்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வீட்டிலிருந்து காலி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்து இடம் பிடித்துவிட்டு, ஜனங்கள் சந்தைக்குப் போய்விடுவது அங்கே வழக்கம். நான் வெறுங்கையோடு நின்றேன்.

"பாட்டில் எங்க?" என்றார் கம்பவுண்டர்.

"பாட்டில் இல்லீங்க. குடும்பத்தைப் பதிவு பண்ண வந்திருக்கேன்."

அவர் எழுந்து உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ சொன்னார். உடனே என்னைக் கூப்பிட்டார்கள். வரிசையில் முன்னால் இருந்த பாட்டில்களை எல்லாம் தாண்டி நான் உள்ளே போனது என் தோரணையால்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். (மூளை பிசகிய கேஸ் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தாராம்.)

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார் டாக்டர்.

"யாருக்கும் இல்லை சார். எல்லாரும் சௌக்கியம்."

"அப்புறம் என்ன வேணும்?"

குடும்பத்தில் இன்னின்னார் என்று பெயர், வயது, விலாசத்தோடு இப்போதே அவரிடம் பதிந்து வைத்துவிட்டால் பின்னால் வில்லங்கம் வராது என்று விளக்கினேன். டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டு என்கிட்ட வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். "சரி, எழுதிக்கறேன். ஆனா உடம்பைப் பரிசோதிச்சுப் பார்க்காம நான் யார் பேரையும் எழுத மாட்டேன்."

"அதை எங்க வீட்டுக்கு வந்து பண்ணுங்க சார். ஞாயித்துக்கிழமை காலையில என் மாமனார் வர்றார். அவர் கண்ணால பார்த்தாத்தான் செல்லும்."

இரக்கமோ, வேடிக்கை பார்க்கும் ஆசையோ, ஒப்புக்கொண்டார். காரியத்தை முடித்த பெருமையில் நான் வழியில் ஓர் அல்வாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் டாக்டரை யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. காய்ச்சல் என்றால் கஷாயம். அதற்கும் கேட்காவிட்டால் பூந்தமல்லியில் யுனானி வைத்தியம் பார்க்கும் ஹகீம். அப்புறம் அம்மன் கோயில், தர்கா. எல்லோரும் கைவிட்ட பிறகு, ஒரு ஆறுதலுக்காகத்தான் டாக்டர் வண்டி வரும். அது வந்த வீடுகளில் எல்லாம், திரும்பி ரோட்டை எட்டுவதற்குள் அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. நான் பாட்டுக்கு அந்த வண்டியை என் வாசலுக்கு வரச்சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக இருந்தேன். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று கயிற்றுக் கட்டிலை வாசல் பந்தலின் கீழ் இழுத்துப் போட்டேன். டாக்டர் வழக்கமாக ஏறிவரும் காதர் பாயின் ஜட்கா வண்டி வந்து நின்றது. டாக்டர் இறங்கினார். காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், நீ நல்லா நடந்துகினு கீறே. ஆரு படுத்துகினு கீறாங்க?"

"நான்தான் பாய். இப்பத்தான் படுக்கப் போறேன்."

காதர் பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். குதிரைக்குத் தண்ணீர் கேட்கப் போன எதிர்வீட்டில், "படுக்கப் போறேன்னு அவுரே சொல்லிட்டாருப்பா" என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

சட்டையைக் கழற்றி மல்லாந்து படுத்தேன். டாக்டர் என் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரைச் செருகி, "வாயைத் திறக்காதீங்க" என்றார். அப்புறம் அதை அவர் எடுக்கவேயில்லை. என் வாய் அடைபட்டிருந்தால்தான் வேலை நடக்கும் என்று நினைத்தாராம். (அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.) ஒரு கையில் என் மணிக்கட்டு, மறு கையில் கடிகாரம். அவருக்கு இயற்கையாகவே துக்க முகம். இருமல் மருந்து கொடுப்பதைக்கூட அனுதாபம் தெரிவிப்பதுபோல்தான் கொடுப்பார்.

வேலியோரம் எதிர்வீட்டுக் கன்னியப்பன் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது.

"இன்னாங்க டாக்டரே, எப்டி கீது?"

நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்த டாக்டர், பேசாதே என்பதற்காகத் தலையை மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினார். அவ்வளவுதான். கன்னியப்பன் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். அவர் மனைவி முனியம்மா ஆரம்பித்தாள்.

"நேத்துகூட எங்கூட்டு மோரை வாங்கிக் குடிச்சியே தம்பி, நல்லா கீதுக்கான்னு சொன்னியே, இன்னிக்கு இப்டி கெடக்கறியே."

நான் உண்டு, இல்லை என்று சொல்ல வழியில்லாமல் கையை உயர்த்தி ஆட்டினேன்.

"ஐயோ, கை இழுத்துகிச்சு பாரு" என்றது ஒரு குரல்.

டாக்டராவது திரும்பிப் பார்த்திருக்கலாம். அதற்குள் அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு என் மார்பில் குனிந்துவிட்டார். தெரு முழுக்க ஒப்பாரி எழுந்தது. அவர் காதில் விழுந்ததெல்லாம் என் இதயம் மட்டும்தான், அதுவும் படு ஆரோக்கியமாக.

"அழுதுகினே இருந்தா எப்டி?" என்றார் கன்னியப்பன். "அவுருக்கு சொந்தம்னு ஆரு கீறா இங்க? நம்ம தெரு ஆளு. நம்மதான் பாத்துக்கணும். நீங்க போயி பாடைக்குப் பச்ச மூங்கில் வெட்டியாங்க."

ஊருக்கு நேற்று வந்தவன் நான். அவர்கள் பெயரை எல்லாம் பத்திரத்தில் மட்டும் சரியாக எழுதத் தெரிந்தவன். அந்த மனிதர் எனக்காகக் கலங்கிப்போய் நின்றதைக் கட்டிலில் கிடந்தபடி பார்த்தபோது, உயிரோடு இருக்கிறேனே என்று எனக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

அதே நேரத்தில், கரிப் புகை கக்கும் பட்டணத்து பஸ்ஸிலிருந்து ரோட்டு முனையில் என் மாமனார் இறங்கினார். பின்னாலேயே சரோஜா, தோளில் குழந்தை. தெருவில் திரும்பியதும் எதிரே பச்சை மூங்கில் வந்தது. மாமனார் ஒதுங்கி நின்று, யார் வீட்டில் என்று விசாரித்திருக்கிறார்.

"பத்திர ஆபீஸ் கொமாஸ்தாங்க. சின்ன வயசு, பாவம். பட்டணத்துல பொஞ்சாதி கீதாம், கைக்கொளந்த கீதாம். அவுங்களுக்கு இன்னும் சேதியே போவல."

சரோஜா ஓடி வந்ததை நான் பார்த்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. யார் என்று சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. முனியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. டாக்டரைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன், தெர்மாமீட்டரோடு. தெரு ஒரே மூச்சாகப் பின்வாங்கியது. சரோஜா மட்டும் அப்படியே நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்க, முகம் மெல்ல மெல்லக் கோபமாக மாறியதை வாழ்நாளில் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"இதுதான் நீங்க டாக்டர் ஏற்பாடு பண்ற லட்சணமா?" என்றாள்.

பதில் சொல்லத் தெர்மாமீட்டரை எடுத்தேன். அதற்குள் வேலியோரம் தொப்பென்று ஒரு சத்தம். மூச்சிரைக்க வந்து சேர்ந்த மாமனார், செத்தவன் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மயங்கி விழுந்துவிட்டார்.

டாக்டர் என்னை விட்டுவிட்டு ஓடினார். கன்னியப்பனும் காதர் பாயும் மாமனாரைத் தூக்கி வந்து என் கட்டிலில் கிடத்தினார்கள். முகத்தில் தண்ணீர், மூக்கருகே ஏதோ காரநெடி மருந்து. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"நீங்க யாரு?" என்றார் எதிரே தெரிந்த துக்க முகத்திடம்.

"இந்த வீட்டு டாக்டர்."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "எப்பக் கூப்பிட்டீங்க மாப்பிள்ளை?"

"நீங்க விழறதுக்கு முன்னாடியே வந்துட்டார் மாமா" என்றேன். இதைவிடத் திருப்தியான ஏற்பாட்டை எந்த மாப்பிள்ளையும் செய்திருக்க முடியாது. மாமனார் தலையைக் கட்டிலில் சாய்த்துக்கொண்டார். பஸ் புகை ஆகாது, சில நாள் இங்கேயே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டுவிட்டார். என் குடும்பத்தின் முதல் நோயாளியாக மாமனார் பெயர் ஏறியது. சாதாரணப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சி போதும். என் பதிவுக்கு ஒரு தெருவே சாட்சி.

மாமனாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் முனியம்மா. அவர் ஊருக்குக் கிளம்பும்போது மகளைக் கூப்பிட்டு, "நீ வர்றியா, இருக்கியா?" என்று கேட்டார். சரோஜா எதிர்வீட்டைப் பார்த்தாள். முனியம்மா இடுப்பில் எங்கள் பெண் உட்கார்ந்திருந்தது.

"உயிரோட இருக்கிறவருக்கே இப்படி அழறாங்கப்பா. இவங்களை விட்டுட்டு எங்கே வர்றது?" என்றாள். என்னோடு அவள் பேச இன்னும் சில நாள் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு சாமிதாஸ் டாக்டர் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார், குழந்தைகளின் அம்மைக்கும் மாந்தத்துக்கும். ஒவ்வொரு தடவையும் ஜட்காவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பையைத் துண்டால் மூடிக்கொண்டு, கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் மாதிரி நடந்துதான் வருவார்.

வெட்டிய மூங்கிலை என்ன செய்வது என்று கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். சரோஜா அதை வாங்கிக் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தக் கட்டிவிட்டாள். எனக்கென்று வெட்டிய மூங்கிலில் என் வேட்டியை நானே பல வருஷம் உலர்த்தினேன். மூங்கில் இற்றுப்போய்விட்டது, நான் கல்லு மாதிரி இருக்கிறேன்.

இப்போதும் வீட்டில் எந்தக் காரியமானாலும், "நீங்க யாரும் கவலைப்படாதீங்க, நான் முறைப்படி ஏற்பாடு பண்றேன்" என்று நான் ஆரம்பித்தால் போதும். அன்று முனியம்மா இடுப்பில் இருந்த அந்தப் பெண், இன்று பேரன் பேத்தி எடுத்தவள், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள்:

"மூங்கில் வெட்டச் சொல்லட்டுமாப்பா?"