இன்னும் இரண்டு அங்குலம் தாழ்வாக

கார் செய்யத் தெரியாது. கார் விற்றதில்லை. கடைக்குப் போய்ப் புதுக் கார் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் ஒரு கார் எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு அங்குல சுத்தமாகத் தெரியும். இப்படி ஓர் இனம் உண்டு, வாசகரே. இங்கிலாந்தின் நடுவாந்திரத்தில், ஒரு காலத்தில் கார்த் தொழிற்சாலைச் சங்கு ஊதிய ஊர்களில், இந்த இனம் செழித்து வளர்கிறது. மழை தாங்கும், குளிர் தாங்கும், மனைவியின் பெருமூச்சையும் தாங்கும். பேசும் வாக்கியமெல்லாம் 'இருக்க வேண்டும்' என்றே முடிவதால், நான் இவர்களுக்கு 'இருக்கவேண்டியார்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இருக்கவேண்டியாரைக் கண்டுபிடிப்பது சுலபம். நிறுத்தியிருக்கும் எந்தக் காரையும் சும்மா கடந்து போக மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பிரதட்சணம் வருவார், குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பார், கதவை விரல் முட்டியால் தட்டுவார், "ம்ம்" என்பார். அந்த 'ம்ம்'முக்குப் பதில் சொல்ல இதுவரை எந்தக் காராலும் முடிந்ததில்லை. பப்பில் உட்கார்ந்தால் டீஸ்பூன் கியராகிவிடும், தட்டு ஸ்டீயரிங் ஆகிவிடும், உப்புக் குப்பி எதிரே வரும் லாரியாகிவிடும். "எடைதான்யா எல்லாமே" என்பார். "திரை எதுக்கு? நான் ரோட்டைப் பார்க்கணுமா, டிவி பார்க்கணுமா?" என்பார். கடைசியில், நாட்டைக் காப்பாற்றும் ஒரே ரகசியத்தைச் சுமந்து களைத்தவர் போல, "இதையெல்லாம் அவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்பார்.

ராட்னி பில்பீமுக்கு மட்டும் அந்தக் குறை தீர்ந்தது. அவர்களே வந்து கேட்டார்கள்.

ராட்னிக்கு அறுபத்தொன்பது வயது. நகராட்சியில் சாக்கடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆல்ட்வின் என்று ஒரு கம்பெனி முன்பு சின்னச் சின்ன இரட்டை இருக்கைக் கார்கள் செய்து வந்ததே, அதில் ஒன்று பச்சை நிறத்தில் அவரிடம் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை, வானம் சம்மதித்தால், ஓட்டுவார். மற்ற நாட்களில் மனைவி லினெட்டின் பெயரில் இருக்கும் சாம்பல் நிறக் காரில் போவார். அதில் இருக்கையைச் சூடாக்கும் பொத்தான் உண்டு. அந்தப் பொத்தானை அவர் அழுத்துவது லினெட்டுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

நாற்பது வருஷத்துக்கு முன் இழுத்து மூடிய ஆல்ட்வினை யாரோ ஒரு புண்ணியவான் வாங்கி மறுபடி திறந்தார். 'சாமானியர் வாங்கும் விலையில் புதிய ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவரப் போகிறோம், அது எப்படி இருக்கலாம் என்று சொல்லுங்கள்' என்று பழைய ஆல்ட்வின் உரிமையாளர் சங்கத்துக்குக் கடிதம் போட்டார். கேட்டதுதான் தாமதம். சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் என்ற முறையில் ராட்னி பதினெட்டு அம்சங்களில் பதில் எழுதினார்.

நல்ல கடிதம்தான், பொய் சொல்லக் கூடாது. கார் சின்னதாக இருக்க வேண்டும். எடை இறகாக இருக்க வேண்டும். கியரைக் கையால் மாற்ற வேண்டும், பின் சக்கரம் காரைத் தள்ள வேண்டும், கூரையை ஒருவரே ஒரு கையால் மடக்க வேண்டும், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டை அடகு வைக்காமல் வாங்க வேண்டும். இதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? வினை ஏழாவது அம்சத்தில் இருந்தது. 'இருக்கை தாழ்வாக, மிகத் தாழ்வாக இருக்க வேண்டும். ஓட்டுபவரின் பின்புறத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சாண்ட்விச் மட்டுமே நுழைய வேண்டும், அதுவும் வெள்ளரிக்காய் சாண்ட்விச்.' இந்த வரியை அவரே நாலு தடவை வாசித்து ரசித்தார்.

ஜூலை மாதத்து ஞாயிறு. சங்கத்தின் வருஷாந்திரக் கூட்டம் ஒரு மேய்ச்சல் வெளியில் நடந்தது. ஐம்பது பழைய கார்கள், ஐம்பது மடக்கு நாற்காலிகள், ஐம்பது பிளாஸ்க்குகள். நடுவில் ஆல்ட்வின் கம்பெனியின் மாதிரிக் கார். பிளைவுட்டால் செய்த முழு அளவுக் கூடு அது. சக்கரமில்லை, என்ஜின் இல்லை. ஆனால் நிஜ இருக்கை இரண்டு, நிஜ ஸ்டீயரிங், நிஜ கியர். உட்கார்ந்து பார்த்துச் சொல்வதற்காகவே கொண்டு வந்திருந்தார்கள். கம்பெனியின் வடிவமைப்பாளர் மோர்வென், முப்பது வயதுக்காரி, கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள்.

"மிஸ்டர் பில்பீம், முதல்ல நீங்கதான் உட்காரணும். சீட்டு உங்க லெட்டர்ல இருக்கிற அளவு. நாளைக்கு அளவையெல்லாம் முடிவு பண்ணிடுவோம். அப்புறம் மாத்த முடியாது" என்றாள்.

ராட்னிக்கு முகம் மலர்ந்தது. பின்னால் வரிசை கட்டிய பதினைந்து பேரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். காலை உள்ளே விட்டார், கூரை விளிம்பைப் பிடித்தார், மெல்ல மெல்ல இறங்கினார், கடைசி ஆறு அங்குலம் பொத்தென்று விழுந்தார். "ஹா!" என்ற சத்தம் வந்தது. உடனே, "ஹா! இதுதான்! இப்படித்தான் இருக்கணும்!" என்று அதை ஒழுங்காக முடித்து வைத்தார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அந்தப் பத்து நிமிஷம் அவர் ராஜா. எடையைப் பற்றிப் பேசினார், பின் சக்கரத்தைப் பற்றிப் பேசினார், கியரை முன்னும் பின்னும் தள்ளி, கரடுமுரடான ஒரு மலைப்பாதையில் மனதுக்குள் ஏறி இறங்கினார். பிறகு, "சரி, மத்தவங்களும் பார்க்கட்டும்" என்று பெருந்தன்மையாக எழுந்திருக்கப் போனார்.

எழுந்திருக்கவில்லை.

இடது கையை ஊன்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியைச் சரிபார்ப்பவர் போல முன்னால் சாய்ந்து ஒரு எம்பு எம்பினார். முழங்கால் இரண்டும் சொல்லி வைத்தாற்போல மறுத்தன. அந்த நிலையில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 'கொஞ்சம் கை கொடுங்கப்பா' என்பீர்கள். இருக்கவேண்டியார் அதை மட்டும் சொல்ல மாட்டார். பேசுவார்.

"பத்தொன்பதாவது அம்சம்!" என்றார் ராட்னி.

கடிதத்தில் பதினெட்டுதான் இருந்தது. மோர்வென் பக்கத்தைத் திருப்பினாள். ராட்னி ஹாரன் எந்த ஸ்வரத்தில் ஒலிக்க வேண்டும் என்று வாயால் ஊதிக் காட்டினார். கையுறைப் பெட்டியின் ஆழம் சொன்னார். மழை துடைப்பான் எந்தப் பக்கம் தூங்க வேண்டும் என்று சொன்னார். நிஜ மழையே தூறத் தொடங்கியது. வரிசையில் நின்றவர்கள் பன்றிக்கறி ரொட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் டெரெக் ஸ்பூனர், எழுபத்தொரு வயது, போன வருஷம்தான் இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர், பொறுமை இழந்தார்.

"என்ன ராட்னி, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டியா? வாடகை எவ்வளவு?"

"இருப்பா! ஒரு காரைப் பத்திப் பொறுப்பாப் பேசிட்டிருக்கேன்ல!"

சற்றுத் தள்ளிக் குடைக்குக் கீழே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த லினெட் தலை நிமிர்ந்தாள். முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்ட குரல். அதில் எது உற்சாகம், எது உதறல் என்று அவளுக்குத் தெரியாதா? எழுந்து வந்து, மரக் காரின் ஓரம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கால் வரலையா கண்ணு?"

"வருது, வருது. பேசிட்டிருக்கேன்."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

மோர்வெனைப் பார்த்து, "ஆஷ்ட்ரே வேணாம்மா!" என்று ஒரு அம்சத்தை எறிந்துவிட்டு மறுபடி கிசுகிசுத்தார். "லினெட், டெரெக் முன்னாடி என்னை இழுத்து வெளியில போட்டா, அவ்வளவுதான். நாளைக்கே நம்ம பச்சைக் காரை எப்ப விக்கப் போறேன்னு கேப்பான். நீயும் கேப்பே."

அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அந்தப் பச்சைக் காரிலிருந்தும் போன குளிர்காலம் முதல் அவரால் ஒழுங்காக இறங்க முடியவில்லை. கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கவாட்டில் உருண்டு, கீழே கிடக்கும் பாயில் நாலு காலில் விழுந்து, சுவரைப் பிடித்து எழுவார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

"கராஜ்ல அந்தப் பாயை யாரு போட்டதுன்னு நினைக்கிறே?" என்றாள் லினெட்.

லினெட் நிமிர்ந்தாள். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"ஏம்மா மோர்வென், எங்க வீட்டுக்காரருக்கு இந்த உயரம் அமிர்தம். ஆனா என்னால இதுல ஏறி இறங்க முடியாது. எனக்கு முட்டி வலி. சீட்டைக் கொஞ்சம் தூக்க முடியுமா?"

முட்டி வலியாவது! ஞாயிறு தவறாமல் ஏழு மைல் நடக்கிறவள் அவள்.

"தாராளமா. அடியில கைப்பிடி இருக்கு. நாலு அங்குலம் வரைக்கும் வரும்" என்ற மோர்வென், "மிஸ்டர் பில்பீம், நீங்க ஒரு நிமிஷம் இறங்கினா..." என்று இழுத்தாள்.

"வேணாம், அவர் இருக்கட்டும். ஆள் உட்கார்ந்திருந்தாத்தானே உயரம் தெரியும்" என்றாள் லினெட்.

மோர்வென் கைப்பிடியைச் சுற்றினாள். தூறலுக்கு நடுவே, பதினைந்து பேர் பார்த்திருக்க, ராட்னி பில்பீம் பல்லக்கில் எழுந்தருளும் உற்சவர் போல அங்குலம் அங்குலமாக உயர்ந்தார். நாலாவது அங்குலத்தில் முழங்கால்கள் மனம் இரங்கின. காலை வெளியே வைத்தார், நின்றார், கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பொம்பளைங்களுக்கு வசதியா இருக்கும்னா எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார்.

அடுத்து டெரெக் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷம். "நமக்குத் தாழ்வா இருந்தாலும் சரிதான். லினெட்டுக்காக உயரமாவே இருக்கட்டும்" என்றார். அதற்கடுத்தவரும் லினெட்டுக்காக என்றார். பதினைந்து பேர், பதினைந்து ஜோடித் தேய்ந்த முழங்கால்கள், அத்தனையும் லினெட்டுக்காக விட்டுக்கொடுத்தன. தங்கள் ஊர்ப் பெண்களிடம் ஆண்களுக்கு இத்தனை கரிசனம் இருப்பதை மோர்வென் அன்றுதான் கண்டாள். ஏழாவது அம்சத்தை அடித்துவிட்டு, 'நான்கு அங்குலம் உயர்வு' என்று எழுதினாள்.

வீடு திரும்பும்போது சாம்பல் நிறக் காரில் ராட்னி அந்தப் பொத்தானிடம் கையைக் கொண்டுபோனார். பிறகு, "உன் சீட்டுச் சூட்டைக் கொஞ்சம் கூட்டட்டுமா?" என்று கேட்டார். பில்பீம் குடும்பத்தில் இதற்கு மேல் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கார் வந்தது. சின்னதாக, இறகாக, கையால் கியர் மாற்றும்படி, வாத்தியார் வாங்கும்படி. லினெட் தன் பெயரில் சிவப்பில் ஒன்று வாங்கினாள். ராட்னி அதில் வாலிபனைப் போல ஏறினார், வாலிபனைப் போல இறங்கினார். பச்சைக் கார் இப்போதும் கராஜில்தான் இருக்கிறது. பாய் புதிதாக மாறியிருக்கிறது.

போன வாரம் பப்பில் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், புது ஆல்ட்வின் எப்படி என்று கேட்டுவிட்டார். ராட்னி டீஸ்பூனைக் கையில் எடுத்தார், 'ம்ம்' என்றார்.

"நல்ல கார்தான். குறை சொல்லக் கூடாது. ஆனா என்னைக் கேட்டிருந்தா, சீட்டை இன்னும் ரெண்டு அங்குலம் தாழ்வா வெச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு, பப்பின் பழைய சோபாவிலிருந்து எழுந்திருக்க ஆயத்தமானார். பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த லினெட், நிமிர்ந்தே பார்க்காமல் கையை நீட்டினாள்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நாலு அங்குலம் கொஞ்சம் அதிகம், மூன்று போதுமே என்று இடையில் ஒரு தடவை தோன்றியதா, இல்லையா? சிவப்புக்குப் பதில் நீலமாக இருக்கலாமே என்று? போகட்டும், இந்தக் கட்டுரையே இன்னும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும் என்று? சொல்லுங்கள், தாராளமாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால், உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கையை ஊன்றாமல் ஒரு தடவை எழுந்து காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.