கலாராணி ஊன்றிய கிழங்கு

"செத்தவ சேலையெல்லாம் நான் கட்ட மாட்டேண்ணே. ராத்திரி கனவுல வந்து திருப்பிக் கேப்பா" என்று பக்கத்து வீட்டு ராசம்மா பின்வாங்கினாள்.

"சேலை வேணாம் தங்கச்சி. மிஸ் கேட்டா நீதான் கலாராணின்னு மட்டும் சொல்லு."

இராசையா தன் மனைவி கலாராணியை அடக்கம் செய்த மண் இன்னும் இறுகவில்லை. அதற்குள் அவளுடைய போனுக்கு அழைப்பு வந்துவிட்டது. உர மானியத்துக்காகக் கிழங்குப் பயிரைப் பார்க்க விவசாய ஆபீஸிலிருந்து கமநல மிஸ் வருகிறாராம். மானியம் அவள் பேரில். ஆள் இல்லையென்று தெரிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். உரம் இல்லாவிட்டால் கிழங்கு தேறாது. முடியாத உடம்போடு அவள் குனிந்து குனிந்து ஊன்றிய கிழங்கு அது. அதுவும் கண்முன்னால் போவதை அவரால் தாங்க முடியாது.

அதனால்தான் இந்தப் பொய். வாழ்க்கையில் அதுவரை அவர் ஒரே ஒரு பொய்யைத்தான் ஒழுங்காகச் சொல்லியிருந்தார்.

பசறை டவுனிலிருந்து றவூப்பின் த்ரீவீல் வந்து தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றது. ஸஜீதா மிஸ் இறங்கினார். றவூப் வண்டியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

"இராசையாங்கிறது..." என்று மிஸ் ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும் மிஸ். காணிக்காரி இவதான். கலாராணி."

மிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ராசம்மாவைப் பார்த்தார். "கிழங்கு எப்ப ஊனினீங்க?"

ராசம்மாவுக்கு எப்படித் தெரியும்? பழக்கதோஷத்தில் இராசையா பக்கம் திரும்பி, "எப்பண்ணே ஊனினேன்?" என்றாள்.

"புருஷனையா அண்ணேங்கிறீங்க?"

"எங்க பக்கம் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க மிஸ்" என்று இராசையா முந்திக்கொண்டார்.

"அதுக்காக அண்ணனா?"

"ஒரு மரியாதைக்கு மிஸ்."

ராசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பேச்சை மாற்ற வேண்டுமே என்ற பதற்றத்தில் இராசையா, "வாங்க மிஸ், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் சுவர் ஞாபகம் வந்தது. அங்கே மாலை போட்ட படத்தில் கலாராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"இவளோட அக்கா மிஸ்."

"எப்ப தவறினாங்க?"

"தவறலீங்க. மாலை சும்மா அழகுக்குப் போட்டது. அவ நல்லா... நல்லா இருக்கா."

அந்த ஒரு வார்த்தையை இராசையாவால் தாண்ட முடியவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி விம்மி அழுதார். ராசம்மாவும் அழுதாள்.

"அவதான் மிஸ் கலாராணி. போயிட்டா. பேரை மட்டும் வெட்டிறாதீங்க. வயித்துல கட்டி, இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு டாக்டர் எங்கிட்டத்தான் சொன்னாரு. நான் அவகிட்ட வெறும் கேஸ்டிக்னு சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் நம்பினா மிஸ். அடுத்த போகத்துக்கு போஞ்சி போடுவோம்னு பேசிக்கிட்டே கெடந்தா. ஒண்ணும் தெரியாம நிம்மதியாப் போனாளே, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

மிஸ் அவர் பக்கத்தில் குனிந்தார். "ஐயா, நான் ஒங்களத்தான் பாக்க வந்தேன். மானியம் ஒங்க பேருலதான் இருக்கு. எப்பவோ மாத்தியாச்சு."

"என் பேருலயா? நான் ஆபீஸ் பக்கமே வரலியே. யாரு மாத்தினது?"

மிஸ் த்ரீவீல்காரனைத் திரும்பிப் பார்த்தார். றவூப் தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தான்.

"நான்தான் அண்ணே அக்காவ ஆபீஸுக்கு ஏத்திட்டுப் போனேன். 'எனக்கு இனி நாளில்ல தம்பி, அவருக்கு ஒண்ணும் தெரியாது, வெறும் கேஸ்டிக்னு நம்பிக்கிட்டு இருக்காரு, சொல்லிறாத'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."