பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், தம்பி!

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா அநேக ஆசீர்வாதங்களோடு எழுதுவது. நானும் உன் அத்தானும் மகளும் இங்கே சுகம். நீ அனுப்பிய புத்தகப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. அன்றைக்கே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, படித்துக்கொண்டே இருந்தேன். தலைமைப் பண்பு, சுய முன்னேற்றம், மனிதர்களை நடத்தும் கலை என்று ஒன்று விடாமல் முடித்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும் பக்கத்தை மூடவில்லை. தம்பி, நான் வேறு ஆளாகிவிட்டேன்! சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் ஓட்டுநர் பள்ளியில் எத்தனை வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அங்கே 'பிரேக் அம்மா' என்று பட்டப்பெயர் இருப்பது உனக்குத் தெரியாது. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. எங்கள் பள்ளிக் கார்களில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் இருந்து என் கால் இறங்குவதே இல்லையாம், வாயும் மூடுவதே இல்லையாம். முதலாளி அறைக்குக் கூப்பிட்டு, மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட கத்துக்கிறவங்க நல்லாத்தான் ஓட்டறாங்க. ஆனா பாதிப் பேர் அதுக்கு முன்னாடியே ஓடிடறாங்க. இன்னும் ஒரு புகார் வந்தா உங்களை ஆபீஸ்ல உக்கார வச்சுடுவேன், போன் எடுத்துப் பேசறதுக்கு" என்றார். இத்தனை வருஷம் ரோடிலேயே இருந்த என்னை டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதாம்! அன்றைக்கு அழுதுகொண்டே உன்னிடம் பேசினேன். அதற்குத்தானே பெட்டியை அனுப்பினாய்.

முதல் புத்தகம் சொன்னது: உன் குறைகளை உன்னோடு வாழ்கிறவர்களிடம் கேள். சரி என்று வீட்டில் கூட்டம் போட்டேன். உன் அத்தான் அச்சகத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "என்கிட்ட என்ன குறைன்னு மனசு விட்டுச் சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன். உன் அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்பவே ஆரம்பிக்கணுமா, சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாமா?" என்றார். மகள் போய் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தாள். பிறகு அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினால் தபால்காரர் தூக்கமாட்டார். மகள் பேசத் தொடங்குமுன்பே அவள் சொல்லவருவதை நான் சொல்லி முடித்துவிடுகிறேனாம், அதுவும் தப்பாக. "அப்படியெல்லாம் இல்லடி, நீ சொல்லவர்றது என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், 'இதோ!' என்று என்னைக் கைநீட்டிக் காட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். கோபித்துக்கொள்ளவும் இல்லை, அன்றைக்குச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது புத்தகத்தில், நல்ல தலைவர் குறைவாகப் பேசுவார் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலை காரில் ஏறியதிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டியவர் ஒரு போட்டோக்காரர், நல்ல தைரியசாலி. மார்க்கெட் தெருவைத் தாண்டும் வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், அப்புறம் வண்டியை ஓரம்கட்டி, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "மேடம், வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா? சொல்லுங்க மேடம், நான் ஆட்டோ பிடிச்சு விடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது, பாவம். மூன்றாவது புத்தகமோ, குறை சொல்வதற்கு முன்னால் பாராட்டு என்றது. அன்று சாயங்காலம் ஒரு அம்மாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பள்ளியின் சொந்தப் பெயர்ப்பலகையையே சாய்த்துவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பார்த்து, மூச்சை இழுத்துவிட்டு, "எவ்வளவு தன்னம்பிக்கையோட இடிச்சிருக்கீங்க!" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் முதலாளியிடம் போய்விட்டார். முதலாளி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார், டெலிபோனைப் பார்த்தார்.

இப்போதுதான் பல் டாக்டர் வருகிறார், தம்பி. கவனமாகப் படி, இவரை வைத்துத்தான் எல்லாமே. பொறுமையான மனிதர், பேச்சே பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட்டால் வியர்த்துவிடும். இடது பக்கம் திரும்பச் சொன்னால் அப்படியே உறைந்துபோய் நேராகப் போய்விடுவார். பரீட்சையில் பல தடவை தோற்றவர். வேறு ஆசிரியர்கள் கைவிட்டு என்னிடம் தள்ளியிருந்தார்கள். அவர் மனைவி நிறைமாதம். இதுவரை அந்தப் பெண்தான் அவரைக் காரில் எங்கும் கூட்டிப்போய்க் கொண்டிருந்தது. ஒருநாள் பள்ளி வாசலில் அவரை இறக்கிவிட்டு, வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்க என்னைப் பார்த்து, "மேடம், வலி வந்தா நானே ஓட்டிக்கிட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? இவரு பக்கத்துல உக்காந்து வழி சொல்லுவாரா?" என்று கேட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான்காவது புத்தகம், நம்பிக்கை வை, உன் கட்டுப்பாட்டை விடு என்றது. விட்டுவிட்டேன்! கால் பழக்கதோஷத்தில் பிரேக்குக்குப் போய்விடக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். "டாக்டர், இன்னிக்கு நான் பிரேக்கைத் தொடவே மாட்டேன். உங்களை முழுசா நம்பறேன்" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. நன்றியில்தான் என்று நினைத்தேன். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய தெருவில் இடது பக்கம் திரும்பச் சொன்னேன். அவர் பாதி திருப்பினார், பாதியில் உறைந்தார், வண்டி தெருவுக்கும் போகாமல் ரோடுக்கும் வராமல் நடுவில் இருந்த பாதையில் மெதுவாக ஏறியது. அது கார் கழுவும் இயந்திரத்துக்குப் போகிற பாதை. அங்கே நின்ற ஊழியர் வாடிக்கையாளர் வந்த சந்தோஷத்தில், "வாங்க வாங்க, அப்படியே வாங்க!" என்று கையைக் காட்டினார். எனக்குக் கால் மரத்துப்போய்ச் சப்பணத்தைப் பிரிக்க முடியவில்லை. சக்கரத்தை இயந்திரம் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. பள்ளிக் காரில் ஏசி வேலை செய்யாததால் நான்கு ஜன்னலும் திறந்திருந்தன.

முதலில் தண்ணீர் வந்தது. பிறகு சோப்பு. அதற்குப் பிறகு ஒரு பெரிய நீல பிரஷ் உள்ளே தலையை நீட்டி என் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போயிற்று. நான் கத்த வாயைத் திறந்தேன், வாய் முழுக்க நுரை. அந்த நேரத்தில்தான் தம்பி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "மேடம், என் நாற்காலியில உக்கார்ற எல்லாருக்கும் பயம்தான். முதல்லயே சொல்லிடுவேன், வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்னு. அதுக்கப்புறம் முக்காவாசிப் பேர் கையே தூக்க மாட்டாங்க. நாம சொன்னா நிறுத்துவாங்கன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். நீங்க இவ்வளவு நாளா நான் கேக்காமலே நிறுத்திக்கிட்டே இருந்தீங்க. இன்னிக்கு என்னடான்னா, கேட்டாலும் நிறுத்த மாட்டேன்னு காலைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்க."

நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் நுரை இருந்தது ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் காற்றடித்துக் காயவைக்கும் கட்டம் வந்து, நுரையைத் துப்பிய பிறகும் பேசவில்லை. அவர் சொன்னது நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு மனிதர் சொல்லவந்ததை அவரே சொல்லி முடிக்கும் வரை நான் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வெளியே வந்ததும், "சரி டாக்டர், எப்ப நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க. ஆனா கையை மட்டும் தூக்காதீங்க, ஸ்டீயரிங்ல இருக்கட்டும்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அப்ப 'ஆ'ன்னு சொல்றேன், எனக்கு அது பழக்கமான சத்தம்" என்றார்.

அப்படியே ஒப்பந்தம் ஆயிற்று. அவர் 'ஆ' சொன்னால் நான் பிரேக் போடுவேன். சொல்லாவிட்டால் கால் தரையிலேயே இருக்கும். முதல் நாள் தெருமுனைக்குத் தெருமுனை 'ஆ', ஆளில்லாத மைதானத்தில்கூட 'ஆ'. இரண்டாம் நாள் மேம்பாலத்து ஏற்றத்தில் அவருக்குத் தும்மல் வந்து "ஆ..." என்று இழுத்தார், நான் ஓங்கி மிதித்துவிட்டேன், பின்னால் வந்த பஸ்காரர் எங்கள் வம்சத்தையே விசாரித்தார். ஆனால் நாளாக ஆக 'ஆ' குறைந்தது. என் கால் தரையில் சும்மா கிடந்து பழகியது. எனக்கும் ஜன்னலுக்கு வெளியே மரம் இருப்பது தெரிந்தது. இடது பக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

பரீட்சை நாள் வந்தது. பரீட்சை எடுக்கும் அதிகாரி சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் கடுகடுவென்று வந்தார். நான் காருக்குள் போகக் கூடாது, வாசலில் நின்று நகத்தைக் கடித்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் கேட்டேன். வண்டி புறப்பட்டதும் அதிகாரி "உஸ்" என்றிருக்கிறார். அந்த ஒரு சத்தம் போதும், நம் ஆள் பரீட்சையையே மறந்து டாக்டராகிவிட்டார். கண் ரோடில், கை ஸ்டீயரிங்கில், பேச்சு மட்டும் பஞ்சு மாதிரி: "எவ்வளவு நாளா வலி சார்? சூடாக் குடிச்சா வலிக்குதா, சில்லுன்னு குடிச்சா வலிக்குதா?" அதிகாரியும் நோயாளியாகி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். சிக்னலுக்குக் கிட்டே வந்ததும், "எந்தப் பக்கம் சார்?" என்று டாக்டர் கேட்க, "இடது பக்கம்" என்று அதிகாரி முனக, டாக்டர் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இடது பக்கம் திரும்பிவிட்டார்! அதிகாரி, "யோவ், நான் பல்லைச் சொன்னேன்யா!" என்றாராம். "நானும் பல்லைத்தான் சார் கேட்டேன்" என்றாராம் இவர். திரும்பிய பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது, திரும்பியாயிற்று என்று.

வண்டி வாசலுக்கு வந்து நின்றது. அதிகாரி இறங்கி, கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே என்னிடம், "பாஸ். திருப்பம் சுத்தமா இருந்துச்சு. நாளைக்கு இவர்கிட்டப் பல்லைக் காட்டப் போறேன், அங்க நான் எப்படித் தேறப்போறேன்னுதான் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நடுரோடில் குதித்தேன், தம்பி, இந்த வயதில்! டாக்டர் காரைவிட்டு இறங்காமல் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். சும்மா பக்கத்தில் நின்றேன்.

நேற்று விடிந்ததும் டெலிபோன். எடுத்தால் குழந்தை அழுகிற சத்தம், அதற்கு மேலே டாக்டர் சத்தம். "அக்கா! பொண்ணு பொறந்திருக்கா! நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன்! வழியெல்லாம் 'ஆ', 'ஆ'ன்னு ஒரே சத்தம், ஆனா நான் இல்லக்கா, என் பொண்டாட்டி!" மேடமாக இருந்த நான் அக்காவாகிவிட்டேன், பார்த்துக்கொள். அந்தப் பெண் போனைப் பிடுங்கி, "ஒரு இடத்துலயும் நிறுத்தலை மேடம்" என்று மட்டும் சொன்னது. முதலாளிக்கு விஷயம் போய், காலையில் கூப்பிட்டு, "டெலிபோனுக்கு வேற ஆள் பார்த்துட்டேன், நீங்க ரோட்லயே இருங்க" என்றார். ஆகவே உன் அக்கா இன்று முதல் சொல்கிறேன்: கேட்கத் தெரிந்தவர்தான் தலைவர். மற்றதையெல்லாம் நான் படித்து முடித்துவிட்டேன், இதை நன்றாகவே கற்றும் முடித்துவிட்டேன். உனக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

நீ நீண்ட ஆயுளும் நிறைந்த மனமுமாக இருக்க வேண்டும். உன் அத்தானின் அன்பையும் மருமகளின் முத்தத்தையும் இத்துடன் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
புது மனுஷியாகிவிட்ட
உன் அக்கா

பி.கு.: உறையில் போடுமுன் உன் அத்தான் கடிதத்தை வாங்கிப் படித்தார். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவர், வீட்டிலும் கை சும்மா இராது. ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே. உன் தம்பி புது ஊருக்குப் போய், புது வேலையில தனியாக் கிடக்கிறான். காது கொடுத்துக் கேக்கறதைப் பத்தி இவ்வளவு எழுதினவ, அவனை எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதோ கேட்கிறேன்: தம்பி, நீ எப்படி இருக்கிறாய்? வேலை பிடித்திருக்கிறதா? அங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறதா? நான் குறுக்கே பேசமாட்டேன், நிதானமாக, மனசு விட்டு எழுது. மெலிந்திருப்பாய், அது எனக்கே தெரியும். பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காது, நீ போய் எவரிடமும் பேசுகிறவன் இல்லை. மேலதிகாரி இரண்டு ஆள் வேலையை உன் தலையில் கட்டியிருப்பார், நீயும் வாயைத் திறந்திருக்க மாட்டாய். ஆகையால் நீ பதில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், வாசலில் வந்து நில்.