தாசில்தாரும் காடையம்மாவின் மூக்குத்தியும்

ஒரு காட்டில், கருத்துச் சொல்லாதவனை உயிரோடு இருப்பவனாகவே யாரும் மதிக்காத ஒரு காட்டில், சுருளாண்டி என்று ஓர் அழுங்கு இருந்தான். உடம்பெல்லாம் செதில், முழ நீள நாக்கு, பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிறவி. அருவிக்குக் கிழக்கே அவனுக்கு ஒரு வளை இருந்தது. பாட்டன் தோண்டி, அப்பன் அகலப்படுத்தியது. வாசலிலேயே மூன்று எறும்புப் புற்றுகள். அதைவிட நல்ல வீடு அந்தக் காட்டில் எவருக்கும் கிடையாது என்பது அவன் எண்ணம். அது உண்மையும்கூட.

வீட்டை விட்டால் அவனுக்கு இருந்த இன்னொரு சொத்து பெயர். எந்த வீடியோ கேம் வந்தாலும் முதல் கருத்து சுருளாண்டியுடையதாகத்தான் இருக்கும். அந்தக் காட்டு வழக்கம் அப்படி. வெளியான அன்று காலையில் முதலில் எழுதுகிறவனைத்தான் எல்லாரும் படிப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் "அண்ணன் சொன்னதே என் கருத்தும்" என்று போட்டுவிட்டு இரை தேடப் போய்விடுவார்கள். விளையாடிப் பார்த்துவிட்டு எழுதினால் முதல் ஆளாக எழுத முடியாது. ஆகவே சுருளாண்டி விளையாடுவதில்லை.

அந்த வருஷம் 'குருதிக்கரை' வந்தது. தூக்கணாங்குருவிகள் கூடிப் பத்து வருஷம் பின்னிய விளையாட்டு. முந்நூறு வருஷத்துக்கு முன்பு இதே காட்டில் நடந்த பெரும்போர்தான் கதை. முழுக் காடும் உள்ளே இருக்கும், எந்தத் திசையிலும் குதிரையில் போகலாம், வாள் எடுத்துச் சண்டை போடலாம், வழியில் பார்க்கிறவர்களிடம் நின்று குறை கேட்கலாம் என்று விளம்பரம். சுருளாண்டி டவுன்லோடு போட்டான். பன்னிரண்டு சதவீதத்தில் நின்றுவிட்டது. அவன் பதறவில்லை. எழுத உட்கார்ந்தான்.

"நாற்பது மணி நேரம் ஆடி முடித்த கையோடு எழுதுகிறேன்" என்று ஆரம்பித்தான். விளையாட்டு வெளியாகி அப்போது அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. "வாள்வீச்சு பிரமாதம். குதிரை மட்டும் சற்று முரண்டு பிடிக்கிறது. வரலாறு என்றால் இதுதான் வரலாறு. ஒரு பிடி மண்கூட இடம் மாறவில்லை. ஐந்து நட்சத்திரம்."

பொழுது சாய்வதற்குள் இருநூற்று நாற்பது பேர் அண்ணன் சொன்னதையே சொல்லிவிட்டார்கள்.

பத்தாம் நாள் வளை வாசலில் வல்லபன் என்ற நரி வந்து நின்றான். கையில் தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ்.

"என்ன அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்றான். "பெருசா ஒண்ணுமில்ல. வளையக் காலி பண்ணணுமாம்."

நடந்தது இதுதான். காட்டின் நிலப் பதிவேடுகளைப் போன மழைக்காலத்தில் கரையான் தின்று தீர்த்துவிட்டது. பட்டா ஒருவரிடமும் இல்லை. பழைய நிலவரத்துக்கு மிச்சமிருந்த ஒரே ஆதாரம் குருதிக்கரையின் வரைபடம். அதில் அருவிக்குக் கிழக்கே வளையே கிடையாது. நரிக் குலத்தின் அரண்மனை நின்றது, கோட்டைச் சுவரும் கொடியுமாக. அதைக் காட்டி, இடம் தங்களுடையது என்று வல்லபன் மனுப் போட்டிருந்தான். ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'வரலாற்று ஆலோசனை: வல்லபன்' என்று ஒரு வரி உண்டு. முடிவுவரை ஆடியவர் யாரும் இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை.

தாசில்தார் தவசீலன் ஒரு கொக்கு. ஒற்றைக்காலில் நிற்பார். மடக்கிய காலில் மனுக்களைப் பிடித்திருப்பார். பதினோரு வருஷ சர்வீசில் எந்த மனுவுக்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை.

"அய்யா, அந்த மேப் தப்புங்க," என்றான் ஆபீசுக்கு ஓடிவந்த சுருளாண்டி. "அங்க அரண்மனைன்னு ஒண்ணு இருந்ததே இல்ல."

கொக்கு ஒரு தாளை எடுத்து வாசித்தார். "ஒரு பிடி மண்கூட இடம் மாறவில்லை. ஐந்து நட்சத்திரம். இத எழுதினது யாரு?"

சுருளாண்டியின் முழ நீள நாக்கு உள்ளே போய்விட்டது. விளையாடவில்லை என்று சொன்னால் பெயர் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். பெயரை நக்கிச் சாப்பிட முடியாது என்று தோன்றியதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான்.

"நான் விளையாடவே இல்லைங்க அய்யா. பன்னெண்டு பர்சன்ட்லயே நின்னுபோச்சு."

"அப்ப உன் சாட்சி தள்ளுபடி. மீதி இருநூத்தி நாப்பது பேர் இருக்காங்களே," என்று கொக்கு வாசலில் மனுக்களோடு நின்ற வரிசையைப் பார்த்தார். "நீங்கள்லாம் ஆடினீங்களா?"

"ஆடினோமுங்க," என்றார்கள் எல்லாரும். "குதிரைதான் கொஞ்சம் முரண்டு பிடிக்குதுங்க," என்று முயல் சேர்த்துக்கொண்டது.

சுருளாண்டி சுருண்டுவிட்டான். பாட்டன் வளை கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அழுதான் என்றுதான் சொல்ல வேண்டும், செதிலுக்குள் நடந்ததை யார் கண்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பந்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஸ்தல ஆய்வு பண்ணாம உத்தரவு போடலாமாங்க?"

போடக் கூடாதுதான். விதி இருக்கிறது. சம்பந்தப்பட்ட ஸ்தலம் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருப்பதால், ஆய்வையும் ஆட்டத்துக்குள் போய்த்தான் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

"பத்து நிமிஷ வேலைங்க," என்றான் வல்லபன். "குறுக்கு வழி இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்."

"முறைப்படிதான் போகணும்," என்று கொக்கு மடக்கிய காலை இறக்கிக் கேம் கைப்பிடியைப் பற்றினார்.

முதல் கிராமத்திலேயே ஒரு காடையம்மா நின்றாள். தலைக்கு மேல், குறை உள்ளவள் என்று காட்டும் மஞ்சள் குறி மின்னியது. கிணற்றடியில் அவளுடைய மூக்குத்தி தொலைந்துவிட்டதாம். கொக்கு இறங்கித் தேடினார். மதியம்வரை தேடி எடுத்துக் கொடுத்தார். காடையம்மா கும்பிட்டாள், எங்கோ மேளம் கேட்டது, திரையில் 'குறை தீர்ந்தது' என்று எழுத்து வந்தது.

கொக்கு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

"அய்யா, அரண்மனை அந்தப் பக்கமுங்க," என்றான் வல்லபன்.

"சும்மா இருய்யா. அங்க ஒரு ஆந்தை உலக்கையத் தொலைச்சிட்டு நிக்குது."

சுருளாண்டி மெல்லச் சுருள் பிரிந்தான். ஓடிப்போய் மறுபடி டவுன்லோடு போட்டான். இந்தத் தடவை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விளையாட்டை விளையாடினான். அரண்மனைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. எந்தச் சந்தில் யார் எதைத் தொலைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தேடித் தேடிக் கண்டுபிடித்தான். தினம் காலையில் ஆபீஸ் வாசலில் ஆஜர்.

"அய்யா, மேற்கு மலையில ஒரு கீரி, தம்பி மேல புகார் வெச்சிருக்குதுங்க. பாவம், ஆட்டம் வந்த நாளிலேருந்து நிக்குது."

"அப்படியா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்பார் கொக்கு. குதிரை மேற்கே திரும்பும்.

ஆபீஸ் வரிசை அருவிவரை நீண்டது. முயலின் மனுவில் பாசி படர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் யோசித்துத் தலையில் ஆளுக்கொரு மஞ்சள் செவ்வந்தி வைத்துக்கொண்டார்கள். கொக்கு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், மேளம் கேட்காததால் குனிந்துகொண்டார். வல்லபன் காத்திருந்தே இளைத்தான்.

இரண்டு மழைக்காலம் போனபிறகு அந்த நாள் வந்தது. ஆட்டத்துக் காட்டில் குறை உள்ள ஆள் ஒருவரும் மிச்சமில்லை. கொக்கு அரண்மனை வாசலில் குதிரையை நிறுத்தினார். வல்லபன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். சுருளாண்டி மறுபடி பந்தாகச் சுருண்டான்.

அப்போது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ரசிகர் ஒருவர் நாள் தவறாமல் எழுதிக் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, தூக்கணாங்குருவிகள் கடலுக்கு அப்பால் ஒரு தீவைச் சேர்த்திருக்கின்றன. தொண்ணூறு கிராமங்கள். கொக்கு குதிரையைத் திருப்பினார்.

அன்று சாயங்காலம் சுருளாண்டி தன் வளையில், தன் எறும்புகளை நக்கியபடி, இரண்டாவது கருத்தை எழுதினான். "ஆயிரம் மணி நேரம் ஆடினேன். வரலாறு சுத்தப் பொய். குதிரை ஒழுங்காகத்தான் ஓடுகிறது. இந்த விளையாட்டு முடியவே கூடாது. ஐந்து நட்சத்திரம்."

இருநூற்று நாற்பத்திரண்டாவதாக வந்ததால் அதை யாரும் படிக்கவில்லை.

நீதி: வீடு நிலைக்க வேண்டுமானால் பட்டாவைப் பத்திரப்படுத்தாதே; தாசில்தார் வரும் வழியெல்லாம் மூக்குத்தி தொலைந்திருக்கும்படி பார்த்துக்கொள்.