பை மட்டும் வந்து சேர்ந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இடுப்புக்கு மேலே நான் நலம். அதற்குக் கீழே நடந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் உனக்குக் காதில் விழாது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் விழுந்துவிடும்.

ஆயுசு முழுக்க பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்த கால், ரிட்டயர் ஆனபிறகு நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துக் கிடக்கிறது. உன்னைப் பார்க்க உன் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றதும், "அவ்வளவு தூரம் உட்கார்ந்தே போனா கால்ல ரத்தம் கட்டிக்கும். இறுக்கமான காலுறை போடுங்க, தண்ணி குடிங்க, வண்டி நிக்கிற இடத்துல இறங்கி நடங்க" என்றார் டாக்டர். அந்தக் காலுறையை மாட்டிவிடுவதற்குள் உன் தம்பி பெண்டாட்டிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "அண்ணியப் பாக்கப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?" என்றாள். பஸ்ஸில் ரத்தம் ஓடட்டும் என்று குதிகாலைத் தூக்கித் தூக்கி அழுத்தினேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏங்க, பிரேக்கு டிரைவர்கிட்டல்ல இருக்கு?" என்றார்.

பாதி வழியில் டீக்கு நிறுத்தினார்கள். டாக்டர் பேச்சைத் தட்டாமல் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்தேன். எல்லாரும் ஏறியாச்சு, படியில ஆள் இல்ல, பின்னாடி வண்டி வரல. பழகின கை சும்மா இருக்குமா? பின்பக்கம் ரெண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம்!"னு குரல் குடுத்தேன். வண்டி போயே போச்சு அக்கா! அவங்க கண்டக்டர் உள்ளே டிக்கெட் பாத்துக்கிட்டிருந்தாராம். டிரைவர் என் குரலை அவர் குரல்னு நம்பிட்டார். கத்திக்கிட்டே ஓடினேன், காலுறை முட்டியை மடக்க விட்டால்தானே! ஓடின கால் வீங்கிப்போய், எதிரே வந்த வண்டியில வீட்டுக்கே திரும்பிட்டேன்.

என் பை உன் ஊர் டிப்போவில் பத்திரமாக இறங்கிவிட்டதாம். அதற்குக் கொடுத்துவைத்தது எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மூணு வருஷமா உன் முகத்தைப் பாக்கல. "ஒரு நடை வந்துட்டுப் போடா"ன்னு நீயும் எத்தனை தடவை சொல்லிட்ட. ஆனால் கால் சரியாகும்வரை வாசல் தாண்டக்கூடாது என்று இவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் இந்த வருஷம் நான் வருவதாக இல்லை. வழி பார்த்துக்கொண்டு நிற்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். என்னை மனசாலேயே ஆசீர்வாதம் செய்.

உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து எழுதுகிறேன். இவளே மனசு மாறிவிட்டாள்; நாளைக் காலை கிளம்புகிறோம். நான் இறங்கினால் கூடவே இறங்கி, என்னை ஏற்றிவிட்டு ஏறுவதற்கு இவளும் வருகிறாள். கடிதத்துக்கு முந்தி நானே வந்து நின்றாலும் நிற்பேன். உன்னைப் பாக்க வராத கால், நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன அக்கா?