பெண் பார்க்கப் போன இடத்தில் டி-ஷர்ட் கொடுத்த கதை

திருப்பூர்க்காரன் வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகமாட்டான். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, பையில் நாலு பனியனாவது இருக்கும். நான் ஒருபடி மேலே போய், கணியூருக்குப் பெண் பார்க்கப் போனபோதும் எங்கள் பிரிண்டிங் பட்டறையில் அடித்த டி-ஷர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். "வேண்டாங் கண்ணு, பூவும் பழமும் போதும்" என்று அம்மா சொல்லிப் பார்த்தார். (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.)

டி-ஷர்ட்டின் நெஞ்சில் ஒரு பழைய பாட்டின் வரி: 'மேகமே, எங்கள் காட்டுப் பக்கமும் கொஞ்சம் வந்து போ.' காதர்பேட்டை பனியன் கடைகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சரக்கு.

பெண்ணின் அப்பா அதை விரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எக்ஸ்எல் பத்தாதோ என்று எனக்குக் கவலை.

"இதைய அடிக்கறதுக்கு யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா தம்பி?"

கேட்டுவிட்டாரே! முதல் நாள்தான் இணையத்தில் பதிப்புரிமைச் சட்டம் பற்றிப் படித்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கேக்க வேண்டியதே இல்லீங்க. எழுதுனவரு செத்து அறுபது வருசம் முடிஞ்சா அது பொதுச்சொத்துங்க. யாரு வேணாலும் படிக்கலாம், அடிக்கலாம், விக்கலாம். வாரிசே வந்து நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க!" சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் என் தலைக்கு மேலே கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். சுவரில் தலைப்பாகை கட்டிய ஒருவர் மாலையோடு இருந்தார்.

"எங்க அப்புச்சிங்க. எங்கம்மாவப் பெத்தவரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அந்தப் பாட்டு அவரு எழுதுனதுங்க."

அம்மா தரையைப் பார்த்தார். எனக்குக் கோகிலாவை போட்டோவில் பார்த்தபோதே பிடித்துப்போயிருந்தது. வாயால் கெடுத்துக்கொண்டேனே என்று அழுகையே வந்தது.

காபித் தட்டோடு நின்ற கோகிலாதான் பேசினாள். "அவங்க சொல்றது சரிதானுங்கப்பா. பாட்டு இப்ப எல்லாருக்குந்தான். நம்மூட்டு அலமாரியில கெடந்தது காதர்பேட்டை வரைக்கும் போயிருக்குது, சந்தோசந்தானுங்களே?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா உரிமைதானுங்க முடிஞ்சுது. எழுதுனவரு பேருமா முடிஞ்சுபோச்சு? எங்கீங்க அது?"

சட்டையை முன்னும் பின்னும் திருப்பினேன். எங்கள் கம்பெனி பெயர் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

"அடுத்த லாட்டுல போட்டுடறேனுங்க."

"கொஞ்சம் பெரிய எழுத்தாவே போடுங்க தம்பி" என்று அவள் அப்பா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போட்டேன். கல்யாணமும் நடந்தது. மாமனார் மழைக்காலம் முழுக்க அந்தச் சட்டையில்தான் தோட்டத்துக்குப் போகிறார். நானும் சந்தோஷமாக இருக்கிறேன், ஒரே ஒரு தொந்தரவைத் தவிர. நேற்றுகூட விருந்துக்கு வந்தவர்களிடம், "நம்மூட்டு அரிசிம்பருப்புச் சோறு எப்படீங்க?" என்று பெருமையாகக் கேட்டேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது:

"பொதுச்சொத்துதானுங்க, எல்லாரும் நல்லா சாப்புடுங்க. ஆக்குனவ பேர மட்டும் அவரச் சொல்லச் சொல்லுங்க!"