ஆகாயவல்லிக்கு ஆகாத கருவாடு

கிள்ளைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய கீழக்குப்பத்துக்கு அப்போது சிதம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோக்கள் நிரம்பி வழிந்தன. பரங்கிப்பேட்டை ஜனம் வேனில் வந்தது. கடலூர் ஜனம் காரில் வந்தது. காரில் வந்தவர்களுக்கு வரிசை கிடையாது, நேரே தரிசனம். ஆள் தராதரம் அம்மனுக்குத் தெரியாதா என்ன?

அம்மன் என்றால் கல் அம்மன் இல்லை. பழைய டிஷ் ஆண்டெனா. எவர் வீட்டு மாடியிலோ ரீசார்ஜ் தீர்ந்து, காக்காய் எச்சம் வாங்கிக்கொண்டு கிடந்த துருப்பிடித்த தகரக் குடை. அதற்கு மஞ்சள் பூசி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்து, மாரியம்மன் கோயில் திடலில் நட்டு, ஆகாயவல்லி என்று பேரும் வைத்துவிட்டார் டிஷ் சாமியார். குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கில் ஒரு தாயத்து. எதிரே பெரிய டிவி. மாதச் சந்தா கிடையாது, கேபிள்காரன் கிடையாது, படம் மட்டும் பளிச்சென்று வந்தது. கும்பிடாமல் என்ன செய்வார்கள்?

சாமியார் வீடுகளுக்கும் எழுந்தருளினார். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளின் மொட்டை மாடியில் எல்லாம் ஒரு செத்த குடை இருந்தது, அவருக்கு அது போதும். பித்தளைக் கும்பம் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோவார். குடையிலிருந்து வரும் கேபிள் கும்பத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறி டிவிக்குப் போகும். கேட்டால் அது அம்மனின் தொப்புள்கொடி. மந்திரம் சொல்லிக்கொண்டே குடையை மெல்லத் திருப்புவார். கும்பம் முதலில் முனகும், பிறகு கீச்சிடும், கடைசியில் வீலென்று அலறும். "ஆத்தா வந்துட்டா" என்பார். கீழே படம் வந்திருக்கும். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். டிவிக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு பெட்டி இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் கண் போய்விடும் என்று சொல்லியிருந்தார். கண்ணில்லாமல் டிவி எப்படிப் பார்ப்பது? ஒருவரும் பிரிக்கவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை தாயத்து மாற்ற வேண்டும். மாற்ற வருகிற சாமிக்கு அரிசி, சேவல், வேட்டி, காணிக்கை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐப்பசி பிறக்கும் வரை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கறுத்த மேகம் வந்து நின்றால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனது. தொடரில் மருமகள் விஷப் பாலைக் கையில் எடுத்த நேரத்தில் ஊர் முழுக்க டிவி இருட்டு. அவள் குடித்தாளா இல்லையா என்று தெரியாமல் கீழக்குப்பம் சோறு தின்னவில்லை. மறுநாள் சாமியாரைப் பிடித்துக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடினார், மூக்கை உறிஞ்சினார், சொன்னார்.

"வாடை அடிக்குது. கருவாட்டு வாடை. ஆத்தா அதான் மூஞ்சியத் திருப்பிக்கிறா."

மீனவக் குப்பத்தில் கருவாட்டு வாடை. சந்தனக் கடையில் சந்தன வாசம் என்று குற்றம் கண்டுபிடித்ததைப் போல. யாராவது சிரித்திருக்க வேண்டும். ஊர்த்தலைவர் தனக்கோடி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மாடியில் யாரும் மீன் காயவைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வந்தது. காய்ந்து கிடந்த கருவாட்டுக்குத் தோஷம் ஒட்டியிருந்ததால் அதைத் தொலைக்கும் பொறுப்பைச் சாமியாரின் மச்சான் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் கரைத்துவிடுவாராம். கடல் கிழக்கே இருந்தது. லாரி மேற்கே போனது. அந்த வாரம் மங்கலம்பேட்டைச் சந்தையில் கருவாடு கொள்ளை மலிவு என்று கேள்வி.

மிச்சம் இருந்தது ஜோதிலட்சுமியின் களம் மட்டும்தான். திடலுக்குப் பின்னால் பரண் கட்டி, வாளையும் நெத்திலியும் காயவைத்து, பஸ் ஏறிப்போய் சிதம்பரத்தில் விற்பவள். அவள் குடும்பம் சாப்பிட்டது அந்தக் களத்தால்தான். புருஷன் நடனசபாபதி கடலுக்குப் போகிறவன், ஆனால் மழைக்காலத்தில் படகு கரையில் இருந்தது, அவன் டிவி முன்னால் இருந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஊர் கூடுதாம். களத்தப் பிரிச்சிரு. ஊரோட ஒத்துப் போவணும்" என்றான்.

"களத்தப் பிரிச்சுட்டு என்னா திங்கிறது? ஆத்தா ஒல வெப்பாளா?"

"சாமி குத்தம் ஆயிரும்டி."

அவள் துவைத்த போர்வையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கொடியில் இடமில்லை, கோபம் வேறு. ஈரப் போர்வையை அந்தக் குடையின் மேலேயே மூக்கோடு சேர்த்துப் போர்த்தினாள். கீழேயிருந்து நடனசபாபதி கத்தினான்.

"ஏய், படம் போச்சு. கருவாட எங்கனா வெச்சிருக்கியா?"

அவள் போர்வையை எடுத்தாள். படம் வந்தது என்றான். போட்டாள். போச்சு என்றான். எடுத்தாள். வந்தது என்றான். அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முறையாகச் சாமி வந்தது, ஆனால் அவள் ஆடவில்லை. மாடியில் உட்கார்ந்து நெடுநேரம் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் எள் போட்டால் விழ இடமில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். டிவியில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். சாமியார் கும்பத்துக்குப் பக்கத்தில் பட்டுத்துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஜோதி, ஊரு முடிவு பண்ணிருச்சு. நீயா பிரிக்கிறியா, பசங்கள வுட்டுப் பிரிக்கவா?" என்றார் தனக்கோடி.

"நானே பிரிச்சிர்றேன் மாமா. அதுக்கு மின்னாடி ஆத்தாவுக்கு ஒரு மாலை போட்டுக்கிறேன். அது போதும்."

பாவம், திருந்திவிட்டாள் என்று ஊர் நெகிழ்ந்தது. அவள் கூடையிலிருந்து மாலையை எடுத்தாள். வாளைக் கருவாட்டு மாலை. முழத்துக்கு முழம் கோத்து, நடுவில் ஒரு சுறாத்துண்டம் பதக்கமாக. யாரும் தடுப்பதற்குள் குடையின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

கூட்டம் நான்கு அடி பின்வாங்கியது. டிவி வெடிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மாமியார் இன்னும் தெளிவாக அழுதாள்.

"ஆத்தா பொறுமசாலி. மன்னிச்சுட்டா" என்றார் சாமியார்.

"என்னிய மன்னிச்சவ களத்தையும் மன்னிப்பா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே ஜோதிலட்சுமி தாயத்தைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள். மாமியார் அழுகையை நிறுத்தவில்லை.

சாமியாருக்கு நெற்றி வியர்த்தது. "அருள் குடையில ஊறிப்போச்சு. இனிமே எதுவும் ஒண்ணும் பண்ணாது."

"எதுவும் பண்ணாதா சாமி? நல்லாக் கேட்டுக்குங்க மாமா, எதுவும் பண்ணாதாம்."

கூடையின் அடியிலிருந்து அலுமினியக் குண்டானை எடுத்தாள். அடி கரிப்பிடித்த வீட்டுக் குண்டான். குடையின் மூக்கை அப்படியே அதற்குள் விட்டு மூடினாள். மாமியார் பொட்டென்று மறைந்தாள். திரையில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்தது.

"இப்ப வரவைங்க சாமி. மந்திரம் உங்ககிட்ட இருக்குது. எங்கிட்ட வெறும் குண்டான்தான்."

சாமியார் மணியடித்தார். விபூதி வீசினார். சமஸ்கிருதம் மாதிரி ஒன்றைச் சொன்னார். மூன்று உலகத்தையும் ஆள்கிற ஆகாயவல்லி ஒரு குழம்புக் குண்டானைத் தாண்டி வரவில்லை. ஜோதிலட்சுமி குண்டானை எடுத்தாள், மாமியார் வந்தாள்.

"குடு, நான் பாக்குறேன்" என்று தனக்கோடி எழுந்துவந்தார். மூடினார். எடுத்தார். மறுபடி மூடினார். ஊர்த்தலைவருக்கு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. "மழையும் இந்தக் குண்டான் மாதிரிதான மறைக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குள் நடனசபாபதி கும்பத்தைக் கவிழ்த்திருந்தான். ரோஷம் பெண்டாட்டியைவிட அவனுக்குத்தான் ஜாஸ்தி, வருவதற்குத்தான் கொஞ்சம் லேட் ஆகும். தேங்காயும் மாவிலையும் உருள, உள்ளேயிருந்து முள் ஆடும் ஒரு சின்ன மீட்டர் விழுந்தது. குடையைச் சரியான திசைக்குத் திருப்பினால் கீச்சென்று கத்தும் மீட்டர். மெக்கானிக் பைகளில் இருப்பது. சிவப்புத் துணியையும் பிரித்தார்கள். இலவச சேனல்களுக்கென்று கடையில் விற்கும் சாதாரணப் பெட்டி. யாருக்கும் கண் போகவில்லை, கொஞ்சம் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சாமியாரின் பேர் செம்பியன் என்று அப்போது தெரிந்தது. டிஷ் மாட்டுகிற மெக்கானிக்.

"வானத்துலேர்ந்து அந்த சேனலுங்க சும்மாதான் வருது. பழைய குடையே போதும். நான் மெக்கானிக்கா இதே ஊருக்கு வந்தேன். கூலி கேட்டா நாளைக்கு வான்னீங்க. தாடி வளத்து சாமியா வந்தேன், ஆளு தெரியாம கால்ல வுழுந்தீங்க. நான் என்னா பண்றது?" என்றான் செம்பியன்.

அடிக்க ஓங்கிய கைகள் சில அப்படியே நின்றன. அவன் செய்தது திருட்டு. ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பாதி ஊர்மேல் திரும்பிவிட்டது.

"கேள்வி நல்லாத்தான் கேக்குற. என் கருவாடு என்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஜோதிலட்சுமி.

மாடி மாடியாக ஏறி எல்லாத் தாயத்தையும் அவன் கையாலேயே கழற்ற வைத்தார்கள். லாரியில் போன கருவாட்டுக்கு மச்சான் பதில் சொல்லும்வரை லாரிச் சாவி தலைவர் மடியில் இருக்கும் என்று முடிவானது. களம் இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கூட்டம் குண்டானைச் சுற்றி நிற்கிறது. யாரோ அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். தனக்கோடி பயபக்தியோடு கேட்டார்.

"ஜோதி, சக்தி உள்ள குண்டான்மா இது. கோயில்ல வெச்சிரலாமா?"

"குடுங்க மாமா, பொழுதாச்சு. அதுலதான் கருவாட்டுக் கொழம்பு வெக்கணும்" என்று பிடுங்கி, குங்குமத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

டிஷ் மேல் கவிழ்த்த குண்டானை எடுத்ததும் படம் வந்துவிட்டது. குடை தகரம், அதற்கு அடம் கிடையாது. நம் தலைமேல் எவனெவனோ கவிழ்த்துவிட்டுப் போன குண்டான்கள்தான் அப்படியே இருக்கின்றன. ஒருமுறை தடவிப் பாருங்கள். இருந்தால் எடுத்து அடுப்பில் வையுங்கள், சோறாவது வேகும்.